ஒன்றாம் வகுப்பைத் திறந்து வைத்தேன்

பள்ளி திறக்க நான்கு நாள் இருக்கும்போதே ஒன்றாம் வகுப்பறையைக் கழுவ ஆரம்பித்துவிட்டேன். மும்பை தாராவியில் ஒரு மாநகராட்சிப் பள்ளியின் தமிழ்ப் பிரிவு அது. கூட்டிப் பெருக்க ஆள் உண்டு. வருவார், வாசலில் நின்று பார்ப்பார், போய்விடுவார். அதனால் பெஞ்சு துடைத்தது, மழை ஒழுகிய கறைமேல் அணில் படமும் ஆட்டுக்குட்டிப் படமும் ஒட்டி மறைத்தது எல்லாம் நான்தான். அதில் பெருமை ஒன்றும் இல்லை. கை சும்மா இருந்தால் பயமாக இருந்தது.

பயத்துக்குக் காரணம் தலைமையாசிரியை சொன்னது. "பத்துப் பிள்ளைங்களாவது வரணும் டீச்சர். இல்லேன்னா இந்த வருஷம் ஒண்ணாவது கிடையாது. முதல் நாளே பிள்ளைங்க போட்டோவ மாநகராட்சி ஆபீசுக்கு அனுப்பச் சொல்லியிருக்காங்க." ஒன்றாவது இல்லையென்றால் அடுத்த வருடம் இரண்டாவது இருக்காது, அதற்கடுத்து மூன்றாவது. அப்படியே ஒவ்வொன்றாகப் போய்விடும்.

விடுமுறையில் சந்து சந்தாகப் போய்ப் பிள்ளை பிடிப்பது எங்கள் வேலையில் ஒரு பகுதி. எங்களுக்குள் அப்படித்தான் சொல்லிச் சிரித்துக்கொள்வோம். ஆனால் மே மாதத்தில் பாதிக் கதவுகளில் பூட்டுத் தொங்கும். கோயில் கொடைத் திருவிழாவுக்குத் திருநெல்வேலிப் பக்கம் போனவர்கள் ரயிலில் டிக்கெட் கிடைக்கும்போதுதான் திரும்புவார்கள். பூட்டில்லாத வீடுகளில் கெஞ்சினேன். ஊரில் இருந்தவர்களிடம் போனில் கெஞ்சினேன். பத்துப் பேர் தலையாட்டினார்கள். முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல எங்கள் ஜனங்களுக்கு வராது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் நம்பினேன்.

பதினொன்றாவது வீட்டில் ஒரு தாய் மட்டும் தலையாட்டாமல் கேள்வி கேட்டாள். வீட்டிலேயே இட்லி அவித்து விற்கும் குடும்பம். மாவுப் பாத்திரத்தைத் தள்ளி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"பக்கத்து இங்கிலீஷ் ஸ்கூல்ல சீட்டு தாரோம்னுட்டாவ டீச்சர். நாளைக்குள்ள சொல்லணுமாம். நீங்க என்ன சொல்லுதிய?"

"வீட்ல பேசுற பாஷையில படிச்சா பிள்ளைக்குச் சட்டுனு புரியும்மா. என்னை நம்பி விடுங்க, நான் பாத்துக்கிடுதேன்" என்றேன்.

என் மகன் எங்கே படிக்கிறான் என்று அவள் கேட்டிருந்தால், செம்பூரில் இருக்கும் ஆங்கிலப் பள்ளியின் பெயரைச் சொல்லிவிட்டுத் தலைகுனிந்து வந்திருப்பேன். அவள் கேட்கவில்லை. சரி என்றாள்.

முதல் நாள் இங்கே ஒரு வழக்கம் உண்டு. புதுப் பிள்ளைகளின் பாதத்தைக் குங்குமம் கரைத்த தாம்பாளத்தில் தோய்த்து, வெள்ளைத் தாளில் பதித்து, பெயர் எழுதிச் சுவரில் ஒட்டுவோம். முந்தின நாளே பதினொரு தாள் வெட்டி, பதினொரு பெயரையும் எழுதி வைத்திருந்தேன். அந்த அவசரம் எனக்கு வேண்டாத வேலை.

இட்லிக்காரம்மாவின் மகள் ஒருத்திதான் வந்தாள், அம்மா கையைப் பிடித்துக்கொண்டு. இறுக்கிப் பின்னிய இரட்டைச் சடை, புது ஷூ. பாதம் பதிக்க ஷூவைக் கழற்றச் சொன்னதும் அழுகை வந்துவிட்டது அவளுக்கு. சமாதானம் செய்து தாம்பாளத்தில் நிற்க வைத்து, பாதத்தைத் தாளில் பதித்து, பெஞ்சில் உட்கார வைத்தேன். பிறகு மற்ற வீடுகளுக்குப் போன் போட்டேன். நான்கு பேர் இன்னும் ஊரில். ஐந்து பேர் எடுக்கவே இல்லை. மீதி ஒருவர், மகன் வேறு பள்ளியின் பஸ்ஸில் ஏறிவிட்டான், தப்பாக நினைக்க வேண்டாம் என்று இந்தியில் சொன்னார்.

பத்தரை மணிக்குத் தலைமையாசிரியை எட்டிப் பார்த்தார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். "முடிஞ்சுது டீச்சர். அந்தம்மாகிட்ட நீங்களே சொல்லிருங்க" என்றார்.

சொன்னேன். மாடியில் இந்தி மீடியம் இருக்கிறது, உடனே சேர்த்துக்கொள்வார்கள். இல்லையென்றால் அந்த இங்கிலீஷ் பள்ளியில் இன்னொரு தடவை கேட்டுப் பாருங்கள் என்றேன். பேசும்போது என் குரல் எனக்கே அசிங்கமாக இருந்தது.

"அங்க சீட்டு முடிஞ்சு போச்சு டீச்சர்" என்றாள் அவள். "நீங்க சொன்னியளேன்னு வேண்டாம்னுட்டேன்."

குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். குனிந்து மகளின் குங்குமம் ஒட்டிய காலை முந்தானையால் துடைத்து, ஷூவை மாட்டி, கையைப் பிடித்து எழுப்பினாள்.

"இந்திக்கு எந்தப் படி ஏறணும்?" என்று கேட்டாள்.

கூடவே மாடி வரை போயிருக்கலாம் நான். வாசலில் நின்றபடி படியை மட்டும் கை காட்டினேன்.