அஞ்சு நிமிச வேலை

ஆறுமுகநேரி தாண்டி, உப்பளங்களுக்கு நடுவே என் பழைய ஜீப் நின்றுவிடுகிறது. டேங்கில் டீசல் இருக்கிறது. சாவியைத் திருப்பினால் இஞ்சின் சுற்றுகிறது, பிடிக்கத்தான் மாட்டேன் என்கிறது. உப்பு ஏற்றிவந்த லாரியை நிறுத்திவிட்டு டிரைவர் இறங்கி வருகிறார். ஐம்பது வயதிருக்கும்.

"டீசல் பைப்புல காத்து அடைச்சிருக்கு அண்ணாச்சி."

ஸ்பேனரை என் கையில் கொடுத்து, டீசல் ஃபில்டர் மேலிருக்கும் திருகைத் தளர்த்தச் சொல்கிறார். ஃபில்டரை ஒட்டியிருக்கும் கைப்பம்பை அவர் அழுத்த அழுத்த, டீசல் நுரைத்துக்கொண்டு வழிகிறது. குமிழ் அடங்கியதும் திருகை இறுக்குகிறேன். சாவியைத் திருப்பியதும் இஞ்சின் பிடித்துக்கொள்கிறது.

"இவ்வளவுதானா?"

"அஞ்சு நிமிச வேலதான். இருவது வருசம் முன்ன என் பொண்டாட்டிக்குப் பிரசவ வலி. ஆஸ்பத்திரிக்குப் போற வழியில எங்க ஜீப்பும் இப்படித்தான் நின்னுட்டு. அப்ப எனக்கு இது தெரியாது. வேற வண்டியும் வரல. மறுநாள் மெக்கானிக் வந்து இதத்தான் செஞ்சான்."

"அவங்க?" என்கிறேன்.

"ரெண்டு உசிரும் போயிட்டு."

கையை உள்ளே நீட்டி இஞ்சினை அணைக்கிறார்.

"நான் தள்ளி நிக்கேன். முதல்ல இருந்து நீங்களே ஒருக்க செய்யுங்க."