இரவல் மருமகள்

யார் கை நீட்டினாலும் அவர் இடக்கையைத்தான் கொடுப்பார். வலக்கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "அவ புதுசு, இன்னும் மரியாத தெரியாது" என்பார். இரண்டாயிரத்துப் பதினெட்டாம் ஆண்டு, மழைக்காலத் தொடக்கத்தில், பல்கலைக்கழகப் பொறியியல் துறையின் மூன்றாவது மாடியில் நான் அவரை முதன்முதலாகச் சந்தித்தபோதும் இதுவே நடந்தது. அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து மெல்லிய மோட்டார் ஓசை ஒன்று கேட்டது. "பாத்தீங்களா, மாமியார் பேசும்போதே முணுமுணுக்கிறா" என்றார்.

"அவள்" என்று அவர் சொன்னது ஓர் இயந்திரக் கையை. பொறியாளர்கள் விரல்களையும் மோட்டார்களையும் அமைத்தார்கள். வேதியியல் துறையினர் அதன்மேல் போர்த்தும் செயற்கைத் தோலை உருவாக்கினார்கள். முன்கைத் தசையின் மின்துடிப்பைக் கைக்குக் கட்டளையாக மாற்றும் வேலையை மருத்துவர்கள் மேற்பார்வையிட்டார்கள். துறைகள் மூன்றும் சேர்ந்து செய்த அந்த ஆய்வுக்குக் கையை அணிந்து பார்க்க மனிதர்கள் தேவைப்பட்டார்கள். ஐவர் சேர்ந்தனர், நால்வர் சலித்து விலகினர். எஞ்சியவர் இவர். ஆய்வுக்கூடம் முழுவதும் இவருக்கு "மாமியார்" என்ற பெயர் நிலைத்துவிட்டது.

மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுகளைக் கண்காணிக்கும் குழுவில் விஞ்ஞானி அல்லாத ஒருவரும் இருக்கவேண்டும் என்பது விதி. பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியை என்பதால் அந்த இடம் எனக்குக் கிடைத்திருந்தது. பங்கேற்பவர்களுக்குரிய விளக்கவுரையைத் திருத்தி வாசித்துக் காட்டுவது என் பொறுப்பு. நான் வாசிக்கையில் அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஆறு வரி நீண்ட வாக்கியம் ஒன்று முடிந்ததும், "டீச்சர், நடுவுல எங்கயாவது மூச்சு விட எடம் குடுங்க" என்றார். ஆய்வு முடிந்ததும் கையைத் திருப்பித் தரவேண்டும் என்ற இடத்தில் மட்டும் கண் திறந்தார். "தந்துட்டாப் போச்சு! இந்த இரும்போட யாரு குப்ப கொட்டுறது!"

அவர் பெண்களுக்கான முடிதிருத்தகம் ஒன்றில் வேலை செய்பவர். கடை அவருடைய தங்கைக்குச் சொந்தம். அக்காவிடம் தொழில் கற்றுத்தான் தங்கை கடை வைத்தார். பழைய கட்டடம் ஒன்றின் மின்தூக்கிக் கதவில் சிக்கி அக்காவின் வலது முன்கையில் பாதி போயிற்று. இடக்கைக்கென்றே செய்யப்பட்ட கத்தரிக்கோலை வாங்கி, அவர் விடாப்பிடியாகப் பழகினார். ஆனால், வெட்டுகிற கைக்கு முன்னால் முடியை வகிர்ந்து, தூக்கி, நீட்டிப் பிடிக்க இன்னொரு கை வேண்டும். அது இல்லாததால் தரையில் விழுந்த முடியைக் கூட்டுவதும் துண்டு மடிப்பதுமே அவருடைய வேலைகள் ஆயின. வாடிக்கைக்காரர் யாரேனும் உள்ளே வந்ததும் அவர் பழக்கதோஷத்தில் எழுந்து நிற்பார். உடனே தங்கை, "அக்கா, நீ உக்காரு, நான் பாத்துக்கறேன்" என்பார்.

தங்கை அன்போடுதான் சொல்வார். அந்த அன்பைத்தான் அக்காவால் தாங்க முடியவில்லை. "அடிச்சாக்கூட வாங்கிக்கலாம் டீச்சர். உக்காருன்னு சொல்றா பாருங்க..." என்று தொடங்கி, முடிக்காமலே விட்டுவிடுவார்.

ஆய்வுக்கூடத்தில் அவர் வாய்க்குத் தப்பியவர் எவரும் இல்லை. முதலில் செய்த கை காகிதக் குவளையைப் பிடிக்கச் சொன்னால் நசுக்கியது. "மூத்தவ முரடி." இரண்டாவது கை, கட்டளை போய்ச் சேர்ந்து சற்று நேரம் கழித்தே அசைந்தது. "நடுவுல உள்ளவ சோம்பேறி. இன்னைக்குக் கூப்பிட்டா நாளைக்கு வருவா." இளம் பொறியாளர் முகம் சிவந்து, "அம்மா, அது சோம்பல் இல்ல, தாமதம். சிக்னல் வந்து சேர நேரமாகுது" என்று விளக்குவார். "எந்த மருமகளக் கேட்டாலும் இதத்தான் தம்பி சொல்லுவா."

வேதியியல் ஆராய்ச்சியாளர் ஒரு பெண்மணி. அவருக்குச் "சாயக்காரி" என்று பெயர் வைத்தார். முதலில் போர்த்திய தோல் ஈரத்தில் வழுக்கியது. அதைச் சரிசெய்ய வந்த இரண்டாவது தோலோ எதையும் விடாமல் ஒட்டிக்கொண்டது. கடையில் ஒரு நாள் முழுவதும் அதை அணிந்துவிட்டு மாலையில் வந்து மேசைமேல் நீட்டினார்: கருப்பு, நரை, செம்பழுப்பு என்று எல்லா நிறத்து முடியும் உள்ளங்கையில் அப்பியிருந்தது. "நான் கேட்டது கை. நீங்க குடுத்திருக்கறது கரடி." சாயக்காரிக்கு வருத்தமே இல்லை, ஆய்வுக்கூடத்தில் எத்தனை முயன்றாலும் கிடைக்காத தகவல் அது என்று குதூகலித்தார். அடுத்த வாரமே கடைக்கு வந்து, அங்கிருந்த தலைச்சாயங்கள் அனைத்திலும் கொஞ்சம் கொஞ்சம் குப்பிகளில் வாங்கிப் போனார். மூன்றாவது தோல் மங்கிய நிறத்தில் வந்தது. அழகில்லை, ஆனால் சாயம் பட்டால் கழுவியதும் போய்விடும், ஈர முடியையும் நழுவவிடாது.

மருத்துவர்மேல் மட்டும் அவருக்கு மதிப்பு. இல்லாத வலக்கையின் சுண்டுவிரல் அவருக்கு அரிப்பதுண்டு. இயந்திரக் கையை அணிந்துகொண்டு அதன் சுண்டுவிரலைச் சொறிந்தால் அரிப்பு அடங்கிவிடும். ஏன் என்று கேட்டதற்கு, "தெரியலம்மா, அதையும்தான் பாத்துக்கிட்டிருக்கோம்" என்றாராம் மருத்துவர். "தெரியலன்னு சொன்ன மொத டாக்டர் இவர்தான். அதனால நம்புறேன்."

மூன்றாவது கையை, அதாவது இளைய மருமகளை, கடைக்கு எடுத்துச் சென்ற முதல் நாளில் நானும் அங்கிருந்தேன். துண்டுகளை ஆவியில் சூடாக்கும் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து, கையை அதில் சுற்றிச் சற்று நேரம் வைத்திருந்தார். "சில்லுன்னு பிடரில பட்டா பொணம் தொட்டாப்பல இருக்கும்." இன்றும் இந்த வழக்கத்தை அவர் விடவில்லை. கை சூடானதும் சுழல் நாற்காலியைத் தட்டித் தங்கையைப் பார்த்தார்.

"எனக்கா? கடைல வேல கெடக்குக்கா."

"நீ உக்காரு. நான் பாத்துக்கறேன்."

தங்கை உட்கார்ந்தார். இயந்திர விரல்கள் சீப்பைப் பிடித்து வகிர்ந்தன. ஒரு கற்றையைத் தூக்கி நிறுத்தின. இடக்கைக் கத்தரிக்கோல் அதன் ஓரமாகச் சென்றது. தங்கை கண்ணாடியில் அக்காவையே பார்த்திருந்தார். ஒரு காதோரம் மற்றதைவிட ஒரு விரற்கடை ஏறிவிட்டது. அதைச் சரிசெய்துகொள்ளாமல் மாதம் முழுவதும் அப்படியே நடமாடினார் அந்தத் தங்கை.

பின்னர், ஆய்வுக்கென ஒதுக்கிய காலம் முடிந்தது. கட்டுரைகள் வெளிவந்தன. நிறைவுக் கூட்டத்திற்கு அவரையும் அழைத்திருந்தார்கள். கையைத் தாமே கழற்றி, உள்ளங்கை மேலே தெரியும்படி மேசையில் வைத்தார். பல்கலைக்கழகத்தின் உடைமையைத் தனியொருவருக்குக் கொடுக்க விதியில் இடமில்லை. அதைத் துறை அலமாரியில் பாதுகாப்போம் என்று சொன்ன பொறியாளர் தலை நிமிரவில்லை.

"அலமாரிலயா? பூட்டியா?" என்றார் அவர். வழக்கமான கேலி ஒன்று வரும் என்று அனைவரும் காத்திருந்தோம். வரவில்லை. "நான் மறுபடியும் தொடப்பத்த எடுக்கணும். அவ்வளவுதானே?"

அறையின் கோடியில் நூலகர் அமர்ந்திருந்தார். கழுத்துப் பொத்தான்வரை இறுகப் போட்டிருக்கும் மனிதர். ஆய்வுத் தரவுகளைக் கேட்டுப் பெறுவதற்காக வந்தவர் எழுந்தார்.

"ஆய்வு முடிஞ்சா அதுல வந்த தரவு, கருவி எல்லாம் நூலகத்துக்கு வரணும்னு போன வருஷம் நீங்கதான் தீர்மானம் போட்டீங்க. வந்தத இரவல் குடுக்கறது எங்க வேல. கேமரா குடுக்கறோம், தொலைநோக்கி குடுக்கறோம். இதுவும் ஒரு பொருள்."

மருத்துவர் திகைத்தார். "இது என்ன சார் புத்தகமா, யார் வேணா எடுத்துட்டுப் போக?"

"உறுப்பினர் எடுத்துட்டுப் போகலாம் டாக்டர். பக்கத்தக் கிழிக்கக் கூடாது, அவ்வளவுதான்."

வாதம் நெடுநேரம் நீண்டது. மாதந்தோறும் மருத்துவர் அவருடைய முன்கையைப் பார்க்கவேண்டும் என்றும், பழுதைப் பொறியியல் துறை நீக்கவேண்டும் என்றும் முடிவாயிற்று. இரவல் இரண்டு வாரத்திற்கு. வேறு எவரும் பதிவு செய்யாதவரை நீட்டித்துக்கொள்ளலாம்.

"நான் படிச்சதே எட்டாவது சார். லைப்ரரில என்னச் சேப்பாங்களா?"

"படிக்கணும்னு எங்க விதியில இல்லம்மா. திருப்பிக் குடுக்கணும்னுதான் இருக்கு."

அன்று முதல், ஒரு புதன் விட்டு ஒரு புதன், புத்தகங்களோடு நிற்கும் மாணவர்களின் வரிசையில் அவரும் நிற்பார். மணிக்கட்டில் பார்கோடு பட்டைக்குறி ஒட்டப்பட்ட கையைப் பல்பைக் கழற்றுவதுபோல் திருகிக் கழற்றி முகப்பு மேசையில் வைப்பார். முன்கையில் மாட்டிய உறை அவரவர் அளவுக்குச் செய்தது. அது அவருக்கே சொந்தம். நூலகர் அந்தக் குறியின்மேல் ஒளிக்கருவியைக் காட்டுவார். அது கீச்சென்று ஒலிக்கும். "அந்தச் சத்தம் கேக்கற வரைக்கும் எனக்கு மூச்சு வராது" என்பார். கை மீண்டும் உறையில் ஏறியதும், பின்னால் நிற்கும் மாணவரிடம், "வழி விடுப்பா, எங்க வீட்டுப் பொண்ணு வர்றா" என்று சொல்லிப் புறப்படுவார்.

சென்ற கோடையில் நூலகத்திலிருந்து அவருக்குத் தொலைபேசி வந்தது. வேறொருவர் பதிவு செய்திருப்பதால் இம்முறை நீட்டிக்க இயலாது. தங்கைக்கு ஆத்திரம். "தொலஞ்சு போச்சுன்னு சொல்லிடுக்கா." "மருமகளத் தொலச்சுட்டேன்னு சொன்னா மொதல்ல மாமியாரத்தான் புடிப்பாங்க" என்று இவர் பதில் சொன்னாராம். ஆனாலும் என்னைத் துணைக்கு அழைத்தார். வழக்கத்திற்கு மாறாகக் கையை அணியாமல், துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்திருந்தார். நூலகப் படியில் நின்று, "டீச்சர், அவளுக்கு உடம்பு சரியில்ல, ரிப்பேருன்னு சொல்லிட்டா? யாரு திறந்து பாக்கப்போறாங்க?" என்று கேட்டார். என் பதிலுக்குக் காத்திராமல் ஏறிவிட்டார்.

முகப்பு மேசையருகில் பருத்த உடல்வாகுடைய ஒருவர் நின்றிருந்தார். லாரிகளைப் பழுதுபார்க்கும் மெக்கானிக். அவருடைய வலது முன்கையில் புத்தம்புதிய உறை. அதை மற்றக் கையால் மூடியிருந்தார். பக்கத்தில் மடிக்கணினியோடு பொறியாளர்.

"கை எங்கம்மா?" என்றார் நூலகர்.

"அவளுக்கு உடம்பு..." என்று தொடங்கியவர், மெக்கானிக்கின் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு எதுக்குண்ணே இது?"

"ஸ்பேனர் புடிக்கத்தாம்மா. ஒரு பக்கம் நட்டப் புடிச்சாத்தானே மறுபக்கம் திருக முடியும்?" கூச்சத்தோடு சிரித்தார். "பையன் நல்லவன்தான். பட்டறைக்குள்ள கால் வச்சாலே, நீங்க உக்காருங்கப்பா, நான் பாத்துக்கறேன்கறான்."

 அவர் தம் பையைத் திறந்து துண்டைப் பிரித்தார். கையை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார், குளிர்ந்திருந்தது போலும். அதைத் தம் வலது அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

"ஒரு நிமிஷம் இருங்க சார். சூடேறட்டும்."

வரிசையில் நின்ற மாணவர்கள் காத்திருந்தார்கள்.  அந்த இடைவெளியில் மெக்கானிக்குக்குப் பாடம் நடந்தது. "ராத்திரி மறக்காம சார்ஜ் போடுங்க, பட்டினி கெடந்தா காலைல மொரண்டு புடிப்பா. கிரீஸ் பட்டா தொடைக்காம சாயக்காரிகிட்ட காட்டுங்க, பூரிச்சுப் போவாங்க. திட்டலாம், தப்பில்ல. சுத்தியலா மட்டும் பயன்படுத்தாதீங்க."

"எனக்குச் சின்னதா இருக்கேம்மா. பொம்பள கையாட்டம்..."

"சொன்ன பேச்சக் கேட்டாப் போதும்ணே. பொறந்த கையே கேக்கறதில்ல."

பட்டைக்குறி இருமுறை கீச்சிட்டது: ஒன்று அவர் பெயரிலிருந்து நீங்கியதற்கு, மற்றது மெக்கானிக்கின் பெயரில் ஏறியதற்கு. "அடுத்தது எம் பேரப் போட்டுக்குங்க சார்" என்றார். நூலகர் முன்பே அதைப் பதிவு செய்திருந்தார். திரையைத் திருப்பிக் காட்டினார். "அப்போ ரெண்டு வாரம் தொடப்பம். மூணாவது வாரம் தங்கச்சி என் நாற்காலிப் பக்கம் வரட்டும், பாத்துக்கறேன்."

பொறியாளர் கையை மெக்கானிக்கின் உறையில் திருகிப் பொருத்தி, அவருடைய தசைத்துடிப்புக்கு ஏற்பக் கணினியில் அளவுகளை மாற்றினார். விரல்கள் ஒருமுறை உதறின; பிறகு அடங்கின.

இத்தனை காலமும் தாம் எவரிடமும் நீட்டாத அந்தக் கையின்முன் அவர் தம் இடக்கையை நீட்டினார். மெக்கானிக்கின் நெற்றி வியர்த்தது. விரல்கள் ஒவ்வொன்றாக மடிந்து, அந்த இடக்கையைச் சுற்றி மூடின.

"வலிக்குதாம்மா?" என்றார் மெக்கானிக்.

"இல்லண்ணே. இன்னும் கொஞ்சம் அழுத்திப் புடிங்க."