லிமாவுக்குக் கட்டிய பை

வறுத்த துவரம்பருப்பும் பூண்டும் மிளகாய் வற்றலும் சேர்ந்து இடிபடும் வாசம் பலருக்குப் பசியைக் கிளப்பும், எனக்கு ஒரு பையை ஞாபகப்படுத்தும். ஆறாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில், இராஜபாளையத்தில் எங்கள் வீட்டு அடுப்படியில், அம்மா அந்தப் பொடியை இடித்து, உறைமேல் உறை போட்டு இறுக்கிக் கட்டி, ஊதா நிறப் பயணப் பையின் அடியில் வைத்தாள். பை போகவேண்டிய ஊர் லிமா, பெரு நாட்டின் தலைநகரம். அந்தப் பொடி யாருக்காக இடிக்கப்பட்டதோ அவர் அங்கே ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல், மூக்கில் செருகிய குழாய் வழியாகக் கஞ்சி இறங்கக் கிடந்தார். அவர் என் அப்பா.

அப்பா நூற்பாலை ஃபிட்டர். புது மெஷின் பூட்டுவதில் கைராசிக்காரர் என்று பேர் வாங்கியிருந்ததால், ஒரு காண்ட்ராக்டர் அவரை லிமாவில் ஒரு மில்லுக்கு அழைத்துப் போனார். "நம்ம காலுக்கு நேர் கீழ இருக்கு பாப்பா, கெணறு தோண்டிக்கிட்டே போனா அப்பாகிட்ட வந்துரலாம்" என்று சொல்லிவிட்டுப் போனவர், அங்கே ஏணியிலிருந்து சறுக்கி விழுந்து தலையில் அடிபட்டுக் கிடந்தார். வீட்டு மனுசர் யாராவது பக்கத்தில் இருந்து பேச்சுக் கொடுத்தால் நினைவு திரும்ப வாய்ப்புண்டு என்று டாக்டர் சொன்னதாகக் காண்ட்ராக்டர் போன் செய்தார். டிக்கெட் செலவு தன்னுடையது என்றும் சொன்னார். பின்னால் வந்து ஊரைப் பார்க்கட்டும் என்று அப்பாவே அம்மாவுக்குப் பாஸ்போர்ட் எடுத்து வைத்திருந்தது அப்போது உதவியது. துணைக்கு என் மாமா, பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர், பாஸ்போர்ட்டும் வைத்திருந்தவர், அம்மாவோடு போவதென்று முடிவானது. மதுரைக்கு அப்பால் ரயில் ஏறாத அம்மா, லிமாவில் குளிருமா வெயிலா என்று எங்கள் பள்ளிக்கூட வாத்தியாரிடம் போய்க் கேட்டுவிட்டு வந்து கம்பளிச் சட்டையையும் பையில் வைத்தாள்.

இந்த நேரத்தில்தான் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்திலிருந்து என் அத்தை, அப்பாவின் அக்கா, டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார். வைத்தியநாத சுவாமி கோயிலில் தம்பிக்காக நேர்ந்துகொண்டு, அப்படியே ஜோசியரையும் பார்த்துவிட்டு வந்திருந்தார். விமானத்துக்குக் குறித்த நாள் ஆகாத நாள் என்று ஜோசியர் சொல்லிவிட்டாராம். அதற்கு எங்கள் பக்கம் ஒரு வழி உண்டு. புறப்படும் நாள் சரியில்லையென்றால், அதற்கு முன்னால் வரும் நல்ல நாளில் ஒரு பையை மட்டும் கொண்டுபோய் அடுத்த வீட்டில் வைத்துவிடுவார்கள். இதைப் 'பரஸ்தானம்' வைப்பது என்பார்கள். பை கிளம்பிவிட்டால் ஆள் கிளம்பியதாகக் கணக்கு. அந்தப் பையைப் பயணத்தன்று போகிற போக்கில்தான் எடுக்கவேண்டும், நடுவில் திறந்தாலோ வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்தாலோ பயணம் முறிந்துவிடும்.

ஊதாப் பை அப்படித்தான் பக்கத்து வீட்டு லட்சுமம்மா வீட்டுக்குப் போனது. தெலுங்கு பேசும் அந்த வீட்டில் சாமி மாடத்துக்குக் கீழே இடம் ஒதுக்கிக் கொடுத்தார்கள். முக்கியமான பொருள் உள்ளே இருந்தால்தான் பலிக்கும் என்று அத்தை சொன்னதால், இரண்டு பாஸ்போர்ட்டையும் அம்மா அதற்குள் வைத்துவிட்டாள். விசாவுக்குப் பாஸ்போர்ட்டை டில்லிக்கு அனுப்பவேண்டும் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. நாலு நாடு பார்த்த மாமாவுக்கும் தெரியவில்லை, பட்டாளத்தில் விசா கேட்டு யார் அனுப்பினார்கள்?

மறுநாள் டிக்கெட் போட்ட மதுரை ஏஜெண்ட் போன் செய்து, விசாவுக்கு அனுப்பவேண்டும், பாஸ்போர்ட்டை உடனே கூரியரில் போடுங்கள் என்றார்.

"திறக்கப்பிடாது" என்றார் அத்தை. "ஏட்டி, அவன் உசுரோட வெளையாடுதியா? அஷ்டமி நவமி போகட்டும். பொறவு நல்ல நேரம் பாத்து எடுப்போம்."

"மதினி, அவரு அங்கன மூச்சுக்குத் தவிச்சிட்டுக் கெடக்காரு, நீங்க நேரம் பாக்குதியளே!" என்று மாமா குதித்தார். அத்தை அசையவில்லை. கடைசியில் அம்மா எழுந்து லட்சுமம்மா வீட்டுக்குப் போனாள், நானும் பின்னாலேயே போனேன். பையின் முன் உட்கார்ந்து ஜிப்பில் கை வைத்தவள், வெகுநேரம் இழுக்கவே இல்லை.

"எடுக்கலையாம்மா?" என்றேன்.

"எடுத்து, அவியளுக்கு எதுனாச்சும் ஆயிட்டா?" என்றாள். கையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். புருசன் உயிரைக் காப்பாற்றப் போவதற்கும், அதே உயிருக்குப் பயந்து போகாமல் இருப்பதற்கும் நடுவில் அவளை உட்கார வைத்துவிட்டார்கள்.

நல்ல நேரம் வந்தது, பாஸ்போர்ட் டில்லிக்குப் போனது. விசாவும் கிடைத்தது. அது கைக்கு வந்து சேருவதற்கு முன்பே லிமாவிலிருந்து அந்தப் போன் வந்துவிட்டது. உடலைக் கொண்டுவர நாளாகும் என்றார்கள், அங்கேயே அடக்கம் செய்ய மாமா சம்மதம் சொன்னார். நல்ல நேரமே ஆனாலும் பையை நடுவில் திறந்ததால் வந்த வினை என்று அத்தை சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். பாஸ்போர்ட்டை முன்னதாக அனுப்பியிருந்தால் அம்மா போய்ச் சேர்ந்திருப்பாளா, சேர்ந்திருந்தாலும் அப்பா கண் விழித்திருப்பாரா, எனக்குத் தெரியாது. ஆனாலும் அத்தையை நான் மன்னிக்கவில்லை, அவர் படத்துக்கு மாலை போடும்போதுகூட.

இப்போது சென்னையில் வேலை பார்க்கிறேன். லட்சுமம்மா வீடு இருந்த இடத்தில் பேண்டேஜ் துணிக் குடோன் நிற்கிறது. லிமா போவதற்கு லீவு வாங்கி டிக்கெட்டும் எடுத்துவிட்டேன், விசா கேட்டு எல்லாக் காகிதமும் கொடுத்தாகிவிட்டது. தங்குமிடம் பார்த்த கையோடு, அப்பாவை அடக்கம் செய்த கல்லறைத் தோட்டத்துக்கும் விசாரித்து எழுதினேன். போன வாரம் பதில் வந்தது. அங்கே மண்ணில் புதைக்கவில்லை. சுவரில் அடுக்கடுக்காக அறைகள் உண்டு, அதில் ஒன்றை அப்பாவுக்குக் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் கொடுத்திருக்கிறார்கள். கெடு முடிந்தும் கேட்டு யாரும் வராததால் அறையைக் காலி செய்து, எலும்புகளை ஆளில்லாதவர்களின் பொதுக்குழியில் சேர்த்துவிட்டார்கள். எந்த இடம் என்று பிரித்துக் காட்ட முடியாதாம். கெடு ஒன்று இருப்பதையே எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. படித்துவிட்டு அலுவலகக் கழிப்பறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. டிக்கெட்டை ரத்து செய்யவும் மனம் வரவில்லை. நேற்றும் ஊரிலிருந்து போன் செய்தாள். எழுபதை நெருங்குகிற குரலில், ஆசை ஆசையாய்ப் பேசினாள்.

"ஏட்டி, அவியளப் படுக்க வச்ச எடத்துல செத்த நேரம் உக்காந்து பேசு. அம்மாவுக்கு வர முடியலன்னு சொல்லு. அவிய தலமாட்டுல இருந்து ஒரு பிடி மண்ணு எடுத்துட்டு வா, வேற எதும் எனக்கு வேண்டாம்."

சரிம்மா என்றேன்.