மருந்து எழுதாத டொக்டரின் கடை

கடைக்காரர் நினைத்தால் வாயை மூடிக்கொண்டு சாமான் நிறுக்கலாம். டொக்டருக்குப் படித்துவிட்டுக் கடை வைத்தால் அதுகூட முடியாது.

படித்தது ஒன்று, செய்கிற வேலை வேறொன்று என்று வெளிநாட்டில் நின்றவர்களுக்கு நான் அதிகம் விளக்கத் தேவையில்லை. யாழ்ப்பாணத்தில் மருத்துவம் படித்து, யுத்தத்துக்குள் ஐந்து வருடம் வன்னியில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை செய்து, அகதியாக ஜெர்மனிக்கு வந்தவள் நான். என் பட்டம் இங்கே செல்லாது என்றார்கள். இரண்டாயிரத்து ஒன்றில் கெல்சென்கிர்ச்சனில், ட்ராம் தரிப்பிடத்துக்கு எதிரே ஒரு தமிழ்க் கடை திறந்தேன். அரிசி, தூள், மரக்கறி, புதன்கிழமைகளில் மீன். பலசரக்குக் கடை என்று பெரிதாகத்தான் எழுதிப் போட்டேன். எங்கள் சனம் அதை வாசிக்கவில்லை; நோயைக் காட்டத்தான் வந்தது.

வாழைக்குலைக்குப் பக்கத்தில் ஒரு கால்

செல்வண்ணை இரும்புத் தொழிற்சாலையில் வேலை செய்பவர். பன்னிரண்டு வருடமாகச் சலரோகம், இரத்தத்தில் சீனி. ஒரு சனிக்கிழமை, கடை நிறைய ஆட்கள் நிற்கும்போது, வாழைக்குலைக்குப் பக்கத்தில் அரிசி மூட்டையில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றினார். இரண்டு விரல்கள் கறுத்துப் போயிருந்தன. மணத்தில் எல்லாரும் விலகினார்கள்.

“நோகுதோ?” என்றேன். “இல்லைப் பிள்ளை, ஒண்டும் தெரியேல்லை. அதாலைதான் நானும் பெரிசா எடுக்கேல்லை. ரெண்டு கிழமையா மஞ்சள் பூசுறன்,” என்றார். என்னிடம் வாங்கின மஞ்சள். குனிந்து பாதத்தில் நாடி தேடினேன்; பிடிபடவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், இப்பவே, என்றேன். திங்கள் வேலை இருக்கு, அடுத்த கிழமை பார்ப்பம் என்றார். “அண்ணை, விரல் போனது போனதுதான். கால் மிஞ்சவேணுமெண்டா எழும்புங்கோ,” என்று சத்தம் போட்டேன். சனத்தை வெளியே அனுப்பி, கடையைப் பூட்டி, டாக்சி பிடித்துக் கொண்டுபோனேன். இரண்டு விரலை எடுத்தார்கள். கால் தப்பியது.

ஒரு மாதம் கழித்துத் தடியூன்றிக் கடைக்கு வந்தவர், பக்கத்தில் பருப்பு வாங்கிக்கொண்டு நின்றவருக்கு என்னைக் காட்டிச் சொன்னார்: “இவவிட்டைக் காட்டாமல் விட்டிருந்தால் அந்த ரெண்டு விரலும் இப்ப இருந்திருக்கும்.”

நீங்கள் இவருக்கு என்ன முறை?

அன்று ஆஸ்பத்திரியில் நடந்ததையும் சொல்லவேண்டும். அவசரப் பிரிவில் ஓர் இளம் டொக்டர். எத்தனை வருட வருத்தம், எவ்வளவு நாள் புண், உணர்ச்சி இல்லை, பாதத்தில் நாடி பிடிபடவில்லை என்று ஒழுங்காக ஜெர்மனில் சொன்னேன். அவர் என் மேலங்கியில் ஒட்டியிருந்த மிளகாய்த்தூளைப் பார்த்தார். நீங்கள் இவருக்கு என்ன முறை என்று கேட்டார். கடைக்காரி என்றேன். அதோடு அவருக்கு நான் அந்த அறையில் இல்லாமல் போனேன். செவிடருடன் கதைப்பதுபோலச் செல்வண்ணையிடம் குனிந்து, “கால்? நோகுது?” என்று கத்தினார். செல்வண்ணை மரியாதைக்குத் தலையாட்டினார். நோகவில்லை என்பதுதான் ஆபத்தே என்று நான் மறுபடியும் சொன்னேன். வெளியே இருக்கச் சொன்னார்கள்.

இரண்டு மணித்தியாலம் கழித்துப் பெரிய டொக்டர் வந்தார். பாதத்தைத் தொட்டார். நான் சொன்னதையே, அதே ஒழுங்கில் சொன்னார். பிறகுதான் ஓட்டம் தொடங்கியது. போகும்போது இளையவர் என்னிடம் வந்து, பாராட்டு என்று நினைத்துச் சொன்னார்: “ஒரு கடைக்காரியா இருந்தும் நல்லாத்தான் கவனிச்சிருக்கிறீங்கள்.”

ஒரேயொரு மாத்திரை

டார்ம்ஸ்டாட்டிலிருந்து தமிழ்நாட்டுத் தம்பி ஒருவர் வந்தார், சாஃப்ட்வேர் எஞ்சினியர். தடிமன், மூன்று நாளாக மூக்கு ஒழுகுகிறது. ஆன்டிபயாட்டிக், ஒரேயொரு மாத்திரை போதும் என்றார். தடிமனுக்கு அது வேலை செய்யாது, வேலை செய்தாலும் நான் தரக்கூடாது, தந்தால் சட்டம் என் கழுத்தைப் பிடிக்கும் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு அலுமாரிகளை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, ஒரு பாக்கெட் முறுக்கை எடுத்துக்கொண்டு சொன்னார்: “டாக்டர்னு சொல்லித்தான் இவ்ளோ தூரம் ட்ரெயின்ல வந்தேன் மேடம், சும்மா கடைதானா?”

கோபமான கட்டி

தர்சினிக்குப் பதினொரு வயது. பள்ளிக்கூடம் விட்டுப் போகும்போது தாய்க்குச் சாமான் வாங்க வருவாள். ஒரு வியாழக்கிழமை, கீரையை மேசையில் வைத்துவிட்டு, “அன்ரி, ‘பேஸ்ஆர்ட்டிக்’ எண்டா தமிழிலை என்ன?” என்று கேட்டாள். எங்கே கேட்டாய் என்றேன். “அம்மாவின்ரை டொக்டர் சொன்னவர். நாளைக்குத் திரும்பவும் டெர்மின், டொக்டர் வரச்சொல்லி நேரம் தந்தவர். நான்தான் அம்மாவுக்குச் சொல்லவேணும்.” புற்றுநோய்க் கட்டிக்கு ஜெர்மன்காரர் சொல்கிற வார்த்தை அது. தகப்பனுக்கு வேறு ஊரில் வேலை. 

அடுத்த நாள் கடையைப் பூட்டிவிட்டு அவர்களோடு போனேன். பிள்ளை வெளியில் இருக்கட்டும், நான் மொழிபெயர்க்கிறேன் என்றேன். “அவள் அருமையாச் செய்கிறாளே,” என்றார் டொக்டர். “உங்கள் பிள்ளையின் வாயால் உங்கள் மனைவிக்கு இதைச் சொல்வீர்களா?” என்று கேட்டேன். அவர் கோப்பைப் புரட்டினார். நான் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு, மார்பில் இருப்பது என்ன, எப்போது வெட்டுவார்கள், அதற்குப் பிறகு என்ன என்று மெதுவாகத் தமிழில் சொன்னேன். தாய் ஒரு கேள்விதான் கேட்டார்: பிள்ளைக்குத் தெரியுமோ என்று. சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது. இன்றைக்கும் நன்றாக இருக்கிறார்.

அறைக்கு வெளியே தர்சினி புத்தகப்பையை மடியில் வைத்தபடி இருந்தாள். நான் பக்கத்தில் போய் இருந்தேன். நிலத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “ஜெர்மனிலை பேஸ எண்டா கோவம்தானே அன்ரி, அதாலை அண்டைக்கு நான் கோவமான கட்டி எண்டு சொன்னனான், ஆரிலை கோவம் எண்டு அம்மா கேட்டவ, எனக்குத் தெரியேல்லை.”

கடிதத் தலைப்பு

அந்தக் கிழமையே என் பழைய கோப்பை எடுத்து, டொக்டராக வேலை செய்ய அனுமதி கேட்டு மறுபடியும் அன்ராக், அதாவது விண்ணப்பம், போட்டேன். முதல்முறை குடியுரிமை இல்லை என்று திருப்பியிருந்தார்கள். இப்போது அது இருந்தது. அலுவலகத்தில் இருந்த ஜெர்மன் அம்மா, வன்னியில் வேலை செய்ததற்கு ஆஸ்பத்திரியின் தலைப்புப் போட்ட கடிதம் வேண்டும் என்றார். ஆஸ்பத்திரி மூன்று முறை இடம்பெயர்ந்தது, கட்டடமே இல்லை என்றேன். “அப்ப இப்ப இருக்கிற இடத்திலை கேளுங்கோ,” என்றார். குண்டு விழுந்த இடத்தில் யாரிடம் கேட்பது என்றேன். பொறுப்பானவரிடம் என்றார்.

பொறுப்பாக இருந்த இரண்டு பேரில் ஒருவர் செத்துவிட்டார். மற்றவர் கனடாவில் என்று தேடிக் கண்டுபிடித்து, அவரிடம் சத்தியக் கடிதம் வாங்கி, மொழிபெயர்த்து, முத்திரை குத்தி, திரும்பவும் போனேன். பதினான்கு மாதம். அந்த அம்மா என் விண்ணப்பத்தை நிதானமாக வாசித்துவிட்டுக் கேட்டார்: “கடை நல்லாப் போகுதெண்டு எழுதியிருக்கிறீங்கள், பிறகேன் இந்தக் கரைச்சல்?”

கடைசிச் சனிக்கிழமை

நாற்பத்து நாலாவது வயதில், அந்த அனுமதிக்கான கடைசிச் சோதனையில், பேராசிரியர்கள் மூன்று பேருக்கு முன்னால் பள்ளிப் பிள்ளைபோல இருந்து பாஸ் பண்ணினேன். பக்கத்து ஊரில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. கடையை இன்னொரு குடும்பத்திடம் கொடுத்தேன். கடைசிச் சனிக்கிழமை கல்லாவில் நின்று, வந்தவர்களுக்கெல்லாம் சொன்னேன்: இனி நான் உண்மையான டொக்டர், வருத்தமென்றால் அங்கே வாருங்கள். எட்டு வருடமாகத் தன் பிரஷர் இலக்கங்களை எனக்கு ஒப்பித்து வந்த மங்கை அக்கா சொன்னா: “நல்ல விசயம்தான், ஆனா உங்களிட்டைக் கதைக்க நானும் இனி டெர்மின் எடுக்கவேணுமோ?”

ஜெர்மனி என்னிடம் கேட்டு வாங்காத தாளே இல்லை, ஆனால் நான் யாரையாவது சுகப்படுத்தியிருக்கிறேனா என்று கேட்கிற தாள் மட்டும் அந்தக் கட்டுக்குள் இருக்கவில்லை.