மூன்றாம் சுருளில் ஒரு சிரிப்பு

ஹம்பேர்க்கில், ரயில் பாதையை ஒட்டிய ஒரு சின்னக் கடையில் பழைய ஒலிநாடாக்களைக் கணினிக்கு மாற்றிக் கொடுப்பது என் வேலை. மாற்றுவதோடு நான் நிற்பதில்லை. இரைச்சல், கரகரப்பு, இருமல், கதிரை இழுபடும் சத்தம் எல்லாவற்றையும் துடைத்துப் பளிச்சென்று கொடுப்பேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. வாடிக்கையாளர் காதில் ஹெட்போனை மாட்டியதும் முகத்தில் வரும் வியப்பைப் பார்ப்பதற்காகவே கேட்டதற்கு மேலே இரண்டு மடங்கு உழைப்பேன்.

போன குளிர்காலத்தில், எழுபத்தைந்து வயதைத் தாண்டிய ஒரு ஜெர்மன் அம்மா பிஸ்கட் தகரப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். உள்ளே நான்கு சுருள்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இங்கே தங்கியிருந்த ஆங்கிலப் படையினருக்கென ஒரு வானொலி இருந்ததாம். தனக்கு ஐந்து வயதாக இருந்தபோது, அப்பா புதிதாக வாங்கிய பதிவுக் கருவியைப் பரீட்சிக்க, அந்த வானொலிக்கு முன்னால் மைக்கை வைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சிகளைப் பதிந்தாராம். அவ்வளவுதான் சொன்னார். படிவத்தில் ‘சுத்தம் செய்யவும்’ என்றொரு கட்டம் இருக்கிறது. அவரிடம் கேளாமலே அதில் புள்ளடி போட்டேன். அதை வேண்டாம் என்று சொன்னவர் எவரையும் நான் அதுவரை கண்டதில்லை.

சுருள்களில் புளித்த வாடை அடித்தது. நாடா காய்ந்து மொறுமொறுத்துப் போயிருந்தது. பழைய ஒட்டுகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு தடவை ஓட்டி எடுத்தேன். அதன்பிறகு ஒரு கிழமை முழுவதும் அந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் குடியிருந்தேன். காலையில் நடன இசைக்குழு. பிறகு, தூர இருந்த மனைவிமாருக்குப் படைவீரர்கள் விரும்பிக் கேட்ட பாட்டுகள். மதியம் ஒரு மண்டபத்தில் சனங்களை இருத்திவைத்துச் செய்த நகைச்சுவை. பின்னேரம் துப்பறியும் நாடகத்தின் ஒரு பகுதி, அதன் முடிவு எனக்கு இனித் தெரியப்போவதில்லை. அந்த மண்டபத்தில் சிரித்தவர்களில் இப்போது எத்தனை பேர் மிச்சம் என்று யோசித்த நாளிலிருந்து அந்தச் சிரிப்பு என்னைப் பிடித்துக்கொண்டது. வேலை முடிந்து ரயிலில் நின்றாலும் காதுக்குள் அவர்கள் ஒன்றாகச் சிரித்தார்கள். சொல்ல வெட்கம், எனக்குப் பயமாக இருந்தது.

நகைச்சுவைக்காரர் ஒரு பகிடி சொல்கிறார். மனைவி கேக் செய்தாளாம். அயல்வீட்டுக்காரர் வந்து ஒரு துண்டு கேட்டாராம். இவர் பெருமையோடு கொடுத்தாராம். இந்த இடத்தில் அவர் நிறுத்துகிறார். நல்ல நடிகன் நிறுத்துவது போல, இரண்டு விநாடி. பிறகுதான், காற்றுக்குக் கதவு அடிபடாமல் முட்டுக் கொடுக்கக் கேட்டார் என்கிறார். மண்டபம் வெடிக்கிறது. அந்த இரண்டு விநாடி அமைதிக்குள் மைக்குக்கு அருகே ஏதோ வீட்டுச் சத்தம் விழுந்து பகிடியைக் கெடுத்துக்கொண்டிருந்தது. பிறகு ஓர் அதட்டல். இரண்டையும் கத்தரித்து எறிந்தேன். அமைதி அமைதியாக இருந்தது. அன்று அதைத் திரும்பத் திரும்பக் கேட்டு ரசித்தேன்.

அந்த மூதாட்டி சுருள்களை எடுத்துப்போக வந்தபோது மூன்றாம் சுருளை மட்டும் கேட்டார். ஹெட்போனோடு நெடுநேரம் இருந்தார். பின்னுக்கு எடுத்து இன்னொரு முறை கேட்டார். நான் வியப்புக்காகக் காத்திருந்தேன். அவர் ஹெட்போனைக் கழற்றி, “அம்மா எங்கே?” என்று கேட்டார்.

அதன்பிறகுதான் கதை முழுவதும் வந்தது. பதிவு நடந்த அன்று வீட்டில் எவரும் மூச்சுக்கூட விடக்கூடாது என்பது அப்பாவின் கட்டளை. அப்பாவுக்கு ஆங்கிலம் ஒரு சொல் தெரியாது. ஆங்கிலேயரின் அலுவலகத்தில் தட்டச்சுச் செய்த அம்மாவுக்குத் தெரியும். அம்மா அந்தக் குளிர்காலத்தில் காய்ச்சலில் இறந்துபோனார். ஐந்து வயதுப் பிள்ளைக்கு முகம் நினைவிருந்தது, குரல் நினைவில்லை. கருவி பழுதாகி, சுருள்கள் பரணுக்குப் போயின. சாகக் கிடந்தபோதுதான் அப்பா சொன்னாராம், மூன்றாவதில் உன் அம்மா ஒரு தடவை சிரித்தாள், பதிவு கெட்டுப்போகிறது என்று நான் ஏசினேன் என்று. அம்மாவின் குரலென்று உலகத்தில் வேறொன்றும் இல்லை. இதை முதல் நாளே அந்நியனான என்னிடம் சொல்ல அவருக்குக் கூச்சமாக இருந்திருக்கிறது.

துடைக்காத பதிவு கையில் இல்லை. வேலை முடிந்தது என்று குறித்தவுடன் அதை அழித்துவிடவேண்டும் என்பது கடை விதி. நான் முந்தின நாள் மாலையே அழித்திருந்தேன். இனி அந்த நாடாதான் இருந்தது. இன்னொரு ஓட்டத்தைத் தாங்குமா என்று கேட்டார். தெரியாது என்றேன். நாளைக்கு வருகிறேன் என்று எழும்பிப் போனார். ஒரு வார்த்தை ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். “கேட்டதுக்கு மேல செய்துபோட்டு நல்ல பேர் பாத்துக்கொண்டு நிப்பியள். உங்கட குணம் அது,” என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணி போட்டாள். நான் யாரை நினைக்கிறேன் என்று அவளுக்குத் தெரியும்.

நான் அகதியாக வந்த புதிதில் போர் நடந்த ஊரிலிருந்த அண்ணாவும் நானும் கடிதம் எழுதியதில்லை, கசெட்டில் பேசி அனுப்புவோம். ஒரே கசெட்தான் போய்வரும். கேட்டு முடித்ததும் அதன் மேலேயே மறுமொழியைப் பேசி அனுப்பிவிடுவது வழக்கம். எங்கள் ஆட்கள் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். கடைசித் தடவை அண்ணா பேசியதை இரண்டு முறை கேட்டேன். பிறகு அதன் மேல் பனி எப்படிக் கொட்டுகிறது என்று அரை மணித்தியாலம் புளுகி அனுப்பினேன். மூன்று மாதம் கழித்து, பெறுவார் இல்லை என்று பார்சல் திரும்பி வந்தது. அண்ணாவைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. “தம்பி, காதை மூடிக் கட்டிக்கொண்டு போ, குளிர் காதாலதான் ஏறும்,” என்று சொன்னது நினைவிருக்கிறது. எந்தக் குரலில் சொன்னார் என்பது போய்விட்டது. அழித்தது எதிரி இல்லை, நான்தான்.

அடுத்த நாள் அந்த மூதாட்டி வந்தபோது சுருளை மாட்டி வைத்திருந்தேன். ஒட்டுகளை எல்லாம் காலையில் புதுப்பித்திருந்தேன். துடைக்கும் கருவி எதையும் இடையில் வைக்கவில்லை. ஒலிபெருக்கியைத் திறந்து, கணினியில் பதிவையும் ஓடவிட்டு, இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம்.

மனைவி கேக் செய்தாள். அயல்வீட்டுக்காரர் வந்தார். ஒரு துண்டு கேட்டார். நடிகர் நிறுத்தினார். அந்த நிறுத்தத்துக்குள், மண்டபத்தில் எவருக்கும் விளங்கமுன், ஒரு பெண் சிரித்தார். அடக்கப் பார்த்து, அடக்க ஏலாமல் மூக்கால் தொடங்கி வாய்விட்டு வந்த சிரிப்பு. முடிவு என்ன என்று அவர் முந்திக்கொண்டு கண்டுபிடித்துவிட்டார். அந்தக் கெட்டிக்காரச் சிரிப்பையா இரைச்சல் என்று வெட்டினேன்? அதன் மேலேயே ஓர் ஆணின் குரல், “வாயை மூடு, ஓடுகிறது” என்றது. பிறகு மண்டபம் வெடித்தது.

மூதாட்டி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். வேண்டியது கிடைத்துவிட்டது, நாடா இதற்கு மேல் தாங்காது, நிறுத்தவா என்று கேட்டேன். வேண்டாம், நிறைய நேரம் இருக்கிறது, அம்மா இன்னொரு தடவை சிரிப்பார் என்றார். ஓடவிட்டேன். அந்த நடிகர் இன்னும் இருபது நிமிடம் பகிடி விட்டார். முந்தியதை விட நல்ல பகிடிகளும் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் நடிகர் நிறுத்தும்போது மூதாட்டி முன்னால் சாய்ந்தார். ஒவ்வொரு தடவையும் மண்டபம் மட்டும் சிரித்தது. அம்மா அந்த அறையில்தான் இருந்தார். ஒரு தடவை கோப்பையைத் தட்டில் வைக்கும் சத்தம் கேட்டது, மிகக் கவனமாக, சத்தம் வராமல் வைக்கப் பார்த்த சத்தம்.

நாடா முடிந்து சுருள் வெறுமனே சுற்றியது. இவ்வளவுதானா என்று கேட்டார். ஓம் என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன்.