ஒன்றேகால் கிராம்

எங்கள் கீழ்வீட்டில் குடியிருக்கும் கிளாரன்ஸுக்கு அறுபத்திரண்டு வயது. சிவாஜிநகரில், துணிக்கடைக்கும் கறிக்கடைக்கும் நடுவே இருக்கிற மீன்பிடிச் சாமான் கடையில் முப்பத்தோரு வருஷமாக வேலை செய்கிறார். கடலே இல்லாத ஊரில் தூண்டில் விற்றுப் பிழைக்கிற மனுஷன் என்று நான் அவரைக் கிண்டல் செய்வதுண்டு. முன்பெல்லாம் சிரிப்பார். இந்த இரண்டு வருஷமாக அதற்கும் தெம்பு இல்லை. ஒக்கலிபுரத்தில் பஸ் ஏறி, சிவாஜிநகர் ஸ்டாண்டில் இறங்கி, இடிபட்டு மிதிபட்டுக் கடை வாசலுக்குப் போய்ச் சேரும்போதே அன்றைய வேலை முடிந்துவிட்ட மாதிரி இருக்கிறது என்பார்.

கடையில் சாமான் எடுத்துக் கொடுக்க நாலு பேர் இருக்கிறார்கள். கிளாரன்ஸை வைத்திருப்பது ஒரே ஒரு வேலைக்காக. ஃப்ளை ஃபிஷிங் என்று ஒரு தினுசு உண்டு. சாதாரணத் தூண்டிலில் ஈயக் குண்டு நூலை இழுத்துக்கொண்டு போகும். இதில் குண்டு கிடையாது. கொக்கியில் இறகைக் கட்டிப் பூச்சி மாதிரி செய்திருப்பார்கள், ஊதினால் பறந்துவிடும். அதைத் தூரத்துக்குக் கொண்டுபோக வேண்டியது லைன் என்கிற அந்த நூல்தான். அதனால் லைனே தடியாக, கனமாக இருக்கும். கையைப் பின்னால் கொண்டுபோகும்போது லைனின் கனம் ராடை, அதாவது தூண்டில் கம்பை, வளைக்கும். முன்னால் வீசும்போது ராடு நிமிர்ந்து லைனை அனுப்பும். லைனில் கனம் போதாவிட்டால் ராடு வளையாது. கூடிப்போனால் ராடு துவண்டு, லைன் தண்ணீரில் பொத்தென்று விழுந்து இருக்கிற மீனையும் விரட்டிவிடும்.

ராடின் பிடிக்கு மேலே ஒரு நம்பர் எழுதியிருக்கும். லைன் டப்பாவிலும் நம்பர் உண்டு. ஐந்துக்கு ஐந்து, ஆறுக்கு ஆறு. இதற்குப் போய் ஒரு ஆளா என்று ஒருநாள் கேட்டேன்.

"செருப்பு நம்பர் கம்பெனிக்குக் கம்பெனி மாறுதில்ல? அது மாதிரிதான் சார். எழுதினவன் என்ன வேணா எழுதுவான். கையில புடிச்சாத்தான் தெரியும்," என்றார்.

அதற்காக அவர் ஒரு முறை வைத்திருந்தார். வாடிக்கையாளரின் ராடையும் வெவ்வேறு நம்பரில் மூன்று லைனையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் பின்னால் இருக்கும் சர்ச் மைதானத்துக்குப் போவார். கொக்கிக்குப் பதில் நுனியில் சிவப்புக் கம்பளித் துணுக்கு. காய்ந்த மண்ணில் லைனை வீசுவார். கறிக்கடைக்காரர்கள் இன்றைக்கு எத்தனை கிலோ அண்ணா என்று கேட்டுச் சிரிப்பார்கள். அவர் காதில் வாங்க மாட்டார். மூன்றையும் வீசிப் பார்த்துவிட்டு ஒரு நம்பர் சொல்வார். ராடுக்குச் சொந்தக்காரர் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கலாம், வீச விடமாட்டார். தெரியாதவன் வீசினால் ராடைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பது அவருடைய கட்சி. அதில் கொஞ்சம் கர்வமும் இருந்தது, அதை அவரே பிற்பாடு ஒப்புக்கொண்டார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருடைய வலது தோள் பிடித்துக்கொண்டது. டாக்டர், எண்ணெய், ஒத்தடம் எல்லாம் ஆனது. வலி குறைந்தது, முழுசாகப் போகவில்லை. கடை முதலாளி முகேஷிடம் அவர் இதைச் சொல்லவே இல்லை. "கைக்காகத்தான் என்னை வெச்சிருக்காங்க. அது போச்சுன்னா நான் எதுக்கு?" என்று என்னிடம் சொன்னார். ஆனால் கை போகவில்லை என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. வீட்டில் அவர்தான் தண்ணீர் வாளி தூக்குகிறார். ஊறுகாய் பாட்டிலிலிருந்து ஹார்லிக்ஸ் பாட்டில்வரை மூடியெல்லாம் ஒரே திருகில் திறக்கிறார். பிறகு கைக்கு என்ன குறை?

குறை வெளியிலிருந்து வர ஆரம்பித்தது. இந்த வருஷம் ஷெர்வின் என்கிற பையன் ஆறாம் நம்பர் ராடுக்கு அவர் கொடுத்த ஏழாம் நம்பர் லைனைத் திருப்பிக் கொண்டுவந்தான். கனமாக இருக்கிறதாம். அடுத்த மாதம் இன்னொருவர். இப்போது வருகிற ராடெல்லாம் ஒரே விறைப்பு, அதற்கு ஒரு நம்பர் கூட்டித்தான் போடவேண்டும் என்று கிளாரன்ஸ் விளக்கம் சொன்னார். முகேஷுக்கு முப்பத்தைந்து வயதுதான், மரியாதை தெரிந்த ஆள். சத்தம் போடவில்லை. இன்னொரு லைன் திரும்பி வந்தால் இந்த மைதானத்து வேலையை நிறுத்திவிடலாம், டப்பா நம்பரைப் பார்த்தே கொடுத்துவிடலாம், அங்கிள் கவுண்டரில் உட்கார்ந்து வருகிறவர்களோடு பேசிக்கொண்டிருக்கட்டும் என்றான். அன்று சாயங்காலம் கிளாரன்ஸ் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பொம்மை மாதிரி உட்கார்த்திவைக்கப் போகிறார்கள் என்று இரண்டு தடவை சொன்னார். ஆறுதல் சொல்ல எனக்கு வராது, காபி போட்டுக் கொடுத்தேன்.

மூன்றாவது ஆள் போன சனிக்கிழமை காலையில் வந்தாள். தமயந்தி என்று பெயர், சேலத்துப் பெண், எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை. ஆனேக்கல் பக்கம் ஒரு பண்ணைக் குளத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் மீன் பிடித்து, பிடித்த மீனைத் திரும்பவும் குளத்திலேயே விட்டுவிடுவாளாம். இப்படியும் ஜனங்கள் இருக்கிறார்கள். அவளுடைய ராடு ஐந்து, கிளாரன்ஸ் கொடுத்த லைன் ஆறு. ராடு துவள்கிறது, தண்ணீரில் அறைகிற மாதிரி விழுகிறது என்று பணிவாகத்தான் சொன்னாள். முகேஷ் கவுண்டருக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். கிளாரன்ஸ் ஐந்தாம் நம்பரையும் எடுத்துக்கொண்டு, வாம்மா என்று மைதானத்துக்கு நடந்தார்.

அங்கே அவர் ஐந்தை வீசினார். பாதித் தூரத்தில் குவியலாக விழுந்தது. ஆறை வீசினார், நீளமாகப் போய் விழுந்தது. பார்த்தாயா என்கிற மாதிரி திரும்பினார். தமயந்தி பார்த்தாள். பிறகு, தானும் ஒரு தடவை வீசிப் பார்க்கலாமா என்று கேட்டாள். முப்பத்தோரு வருஷத்தில் முதல் தடவையாக ராடைக் கை மாற்றிக் கொடுத்தார். ஏன் கொடுத்தோம் என்று அவருக்கே தெரியவில்லை, தோள் அவ்வளவு வலித்ததாம்.

அவள் கையில் ஐந்தாம் நம்பர் லைன் பின்னால் போய் நீண்டு நின்றது, முன்னால் வந்து சுருள் பிரிந்து மெத்தென்று மண்ணில் படிந்தது. சிவப்புக் கம்பளித் துணுக்கு கடைசியாக இறங்கியது. மறுபடியும் வீசினாள், மறுபடியும் அப்படியே. ஆறை மாட்டி வீசினபோது ராடு குனிந்துகொண்டது.

"காத்து அப்படி அடிக்குதும்மா," என்றார் கிளாரன்ஸ்.

"காத்தே இல்லையே சார்," என்றாள் அவள். குற்றம் சொல்கிற குரலில் சொல்லவில்லை, அதுதான் அவரைக் குத்தியது.

அவருக்கு இன்னும் ஒரு நம்பிக்கை பாக்கி இருந்தது. டப்பா மாறியிருக்கலாம். ஐந்து என்று எழுதின டப்பாவில் நாலு வந்திருக்கலாம். லைனில் லேபிள் போய்விட்டால் அவர் நம்பர் கண்டுபிடிக்கிற வழி ஒன்று உண்டு. லைனின் முன்பக்கத்து முப்பதடியின் எடையை வைத்துத்தான் நம்பர் போடுவார்கள். அதை அளக்கப் பக்கத்து நகைக்கடைத் தராசு போதும். தமயந்தியைக் கடையில் உட்கார வைத்துவிட்டு இரண்டு லைனையும் எடுத்துக்கொண்டு போனார். வளையல் வாங்க வந்தவர்கள் ஒதுங்கி நின்று பார்க்க, நகைக்கடைக்காரர் தட்டைத் துடைத்துக் கொடுத்தார். கிளாரன்ஸ் முப்பதடியை அளந்து சுருட்டித் தட்டில் வைத்து, மிச்சத்தைக் கையில் தளர்வாகப் பிடித்துக்கொண்டார். ஐந்தாம் நம்பர் ஒன்பது கிராமும் கொஞ்சமும். இருக்கவேண்டியது அதுதான். ஆறாம் நம்பர் பத்தரைக்குச் சற்றுக் கீழே. அதுவும் சரி. நடுவில் ஒன்றேகால் கிராம் வித்தியாசம்.

டப்பா சரி, ராடு சரி, அந்தப் பெண் சரி. மிச்சம் இருந்தது ஒன்றுதான். தன்னுடைய கையில் ராடை வளைக்கத் தெம்பு இல்லை, அதனால் தானாக வளைக்கிற கனமான லைனைத்தான் கை தேடியிருக்கிறது. ராடுக்குப் பொருத்தம் பார்ப்பதாக நினைத்துக்கொண்டு இரண்டு வருஷமாகத் தன் தோளுக்குப் பொருத்தம் பார்த்திருக்கிறார். என் களைப்பை எடுத்து ஊராருக்கு மாட்டிவிட்டிருக்கிறேன் என்று என்னிடம் சொன்னார். இரண்டு லைனையும் சுருட்டிக்கொண்டு கடைக்குத் திரும்பினாராம். பிறகு தமயந்தியிடம் போய், "மேடம், நீங்க சொன்னது சரி. அஞ்சுதான்," என்று சொல்லி லைனை மாற்றிக் கொடுத்தார். முகேஷிடம் ஏன் என்று சொல்ல வாய் வரவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டு மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டார்.

யூனிஸ் அவருக்கு மனைவி, அதிகம் பேசாத பெண்மணி. அவள் மாவரைக்கப் போயிருந்த நேரம். கிளாரன்ஸுக்கு ஒரு வீம்பு. சமையலறைக்குப் போய் ஊறுகாய் பாட்டிலைத் திறந்தார், திறந்தது. ஹார்லிக்ஸ் பாட்டில், திறந்தது. கைக்கு ஒன்றுமில்லை என்று நிம்மதியாக மூச்சு விட்டவர், கடையிலிருந்து வாங்கிவந்து இன்னும் உறை பிரிக்காத ஜாம் பாட்டிலையும் எடுத்துப் பார்த்தார். அது அசையவில்லை. துணியைச் சுற்றித் திருகினார், வயிற்றோடு அழுத்திக்கொண்டு திருகினார். யூனிஸ் திரும்பி வந்தபோது அவர் வேர்த்துப்போய் நின்றிருந்தார்.

அவள் மாவுத் தூக்கைக் கீழே வைத்தாள். பாட்டிலை அவர் கையிலிருந்து வாங்கி, ஒரு திருகு திருகி, மூடியை மேலே சும்மா வைத்து அலமாரியில் வைத்தாள். பழக்கத்தில் செய்தாள். கிளாரன்ஸ் அந்த மூடியையே பார்த்தார். பிறகு ஒவ்வொரு பாட்டிலாகத் தொட்டுப் பார்த்தார். எதுவும் இறுக்கி மூடியிருக்கவில்லை, எல்லா மூடியும் மேலே உட்கார்ந்திருந்தது. குளியலறைக்குப் போனார். அவர் தினமும் காலையில் தூக்குகிற வாளியை அவள் அரை வாளிதான் நிரப்பி வைத்திருந்தாள்.

"எவ்ளோ நாளா?" என்றார்.

"ரெண்டு வருஷமா. நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன்," என்றாள் யூனிஸ்.

திங்கட்கிழமை கடை திறந்ததும் கிளாரன்ஸ் முகேஷிடம் சொல்லிவிட்டார், தோளில் ஆரம்பித்து நகைக்கடைத் தராசு வரைக்கும். பிறகு எந்த ராடுக்கு எந்த லைன் என்று எழுதிவைத்திருந்த நோட்டை எடுத்து, இரண்டு வருஷத்து ஆட்களுக்கெல்லாம் ஒவ்வொருவராகப் போன் செய்தார். லைனை மாற்றிக்கொள்ளலாம், தப்பு என் கையில்தான் என்றார். சிலர் வருகிறோம் என்றார்கள். ஒரு கிழட்டு டாக்டர் மட்டும், கை வலிக்காமல் வீச முடிகிற ஒரே லைன் இதுதான், கேட்டால் அடிப்பேன் என்றாராம். முகேஷ் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். சாயங்காலம் அவரைக் கவுண்டருக்கு மாற்றினான். மைதானத்துக்கு இனிமேல் வாடிக்கையாளர் போய் வீசட்டும், அங்கிள் பக்கத்தில் நின்று பார்த்துச் சொன்னால் போதும் என்றான். பாதி வேலை போனது, பாதி மிஞ்சியது. கிளாரன்ஸ் அதைச் சந்தோஷமாகச் சொல்லவில்லை, துக்கமாகவும் சொல்லவில்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும் நேராகச் சமையலறைக்குப் போனாராம்.

"இனிமே எல்லாத்தையும் இறுக்கியே மூடு. முடியலன்னா கூப்புடுறேன்," என்று யூனிஸிடம் சொன்னார்.

முப்பத்தைந்து வருஷக் குடித்தனத்தில் அந்த மனுஷன் எதற்காகவும் அவளைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. இப்போது மாடியில் உட்கார்ந்து பேப்பர் படிக்கும்போது, காலையில் இரண்டு தடவையாவது கீழேயிருந்து யூனிஸ், யூனிஸ் என்று சத்தம் வருகிறது.