சீமைக்குப் போன படம்

சீமை ஜனங்கள் எங்களைப் பார்த்து மெச்ச வேண்டும் என்பதற்காக என் மாமா ஒரு டிரான்சிஸ்டரை இரவல் வாங்கி வந்தார். அதனால் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வரவிருந்த கூரை வராமல் போயிற்று. பிறகு அந்த டிரான்சிஸ்டராலேயே வந்தும் சேர்ந்தது.

கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்தில், இன்றைக்குத் தொழிற்சாலை மதில் ஓடுகிற இடத்தில், அறுபதுகளின் கடைசியில் சவுக்குத் தோப்பும் நெல்வயலும்தான் இருந்தன. நடுவே ஒரு ஓலைக் கொட்டகை. வாரத்தில் ஐந்து நாள் அது பள்ளிக்கூடம், ஞாயிற்றுக்கிழமை அதுவே கோயில். ஸ்காட்லாந்திலிருந்து வந்த பிரெஸ்பிட்டேரியன் சபைக்காரர்கள் என் தாத்தா காலத்தில் கட்டிக் கொடுத்தது. அந்தச் சபையில் மூப்பர்கள் வைத்ததுதான் சட்டம். எங்கள் ஊர் மூப்பர் என் அப்பா. நாங்கள் அவரை நைனா என்போம். ரயில்வேயில் கேங்மேன் வேலை. வாரம் முழுக்கத் தண்டவாளத்தோடு மல்லுக்கட்டினாலும், ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டையில் அவர் நிற்கிற நிற்பைப் பார்த்தால் ஸ்டேஷன் மாஸ்டரே இரண்டடி தள்ளி நிற்பார்.

கொட்டகைக் கூரையில் ஓட்டைகள். என் இடத்துக்கு நேர் மேலே ஒன்று. மழை பெய்தால் எனக்கு லீவு என்பதால் அந்த ஓட்டைமேல் எனக்குக் கோபமே கிடையாது. ஆனால் இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துவிட்டு, அடுத்த மழைக்காலத்துக்குள் ஒழுகாத கூரை போடாவிட்டால் பள்ளிக்கூடத்தை மூடச் சொல்லிவிடுவேன் என்று எழுதி வைத்துவிட்டுப் போனார். அடுத்த பள்ளிக்கூடம் மூன்று மைல். பையன்கள் நடந்துவிடுவார்கள், பெண்பிள்ளைகளை யாரும் அனுப்ப மாட்டார்கள். மூன்றாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது என்று அர்த்தம். எனக்கு அது உறைக்கவில்லை. நைனாவுக்கு உறைத்தது.

மிஷன் பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் பொறுப்பான வெள்ளைக்கார மிஸ்ஸம்மா மாதம் ஒருமுறை திருவள்ளூரிலிருந்து ஜீப்பில் வருவார். எங்கள் பக்கத்தில் இருபது வருஷமாக இருப்பவர். வேதப் புத்தகத்தை வைத்தே தமிழ் கற்றவராகையால், வகுப்புக்குள் ஆடு நுழைந்தால்கூட, "ஆட்டுக்குட்டியே, அப்பாலே போவாயாக" என்பார். ஆடு போகாது. அவர்தான் கூரைக்காகச் சீமைச் சபைக்கு எழுதினார்.

பதில் வந்ததும் போதகர் அதை ஆராதனையில் வாசித்தார். ஊழியம் எப்படி முன்னேறி வருகிறது என்று காட்டுகிற படம் ஒன்று அனுப்புங்கள், அதைப் பத்திரிகையில் போட்டு, கூரைக்காகச் சபையாரிடம் கேட்கிறோம் என்று எழுதியிருந்தார்கள்.

அம்மாவின் அண்ணனான என் மாமாவுக்குச் சென்னைத் துறைமுகத்தில் வேலை. கப்பலில் வருகிற வெள்ளைக்காரர்களைத் தூரத்திலிருந்து பார்த்திருப்பதால் சீமை விவரமெல்லாம் தனக்கு அத்துப்படி என்பார். "முன்னேற்றத்தக் காட்டுன்னுதானே எய்திக்கிறாங்க? காட்டிடுவோம் மாப்ள!" என்று நைனாவிடம் சொல்லிவிட்டு அன்றைக்கே இரவல் வேட்டைக்குக் கிளம்பிவிட்டார்.

ஒரு வாரத்தில் மூன்று சைக்கிள், ஒரு தையல் மிஷின், இரண்டு கைக்கடிகாரம் சேர்ந்தன. கடிகாரங்களில் ஒன்று ஓடாது. படத்தில் தெரியாது என்றார் மாமா. எனக்கு ஒரு ஜோடி ஷூ கிடைத்தது. சீமையிலிருந்து எப்போதோ வந்த பழந்துணி மூட்டையின் அடியில் கிடந்தவை, இரண்டும் இடது கால். கடைசியாக டிரான்சிஸ்டர். ஊரிலேயே அது அரிசி மில்காரர் வீட்டில்தான் இருந்தது. நெற்றி நிறைய நாமம் போட்ட பெருமாள் பக்தர் அவர். கொடுக்கிறேன் என்றார், ஆனால் ஒரு நிபந்தனை.

"ரேடியோ எங்க போதோ அங்க நானும் வருவேன்."

படம் எடுக்கிற நாளில் ஆர்வம் தாங்காமல் நான்தான் முதலில் போய்ச் சேர்ந்தேன். தலை பின்னவில்லை, பழைய கிழிந்த பாவாடை. என் இடத்தில் உட்கார்ந்து சிலேட்டில் கிறுக்கிக்கொண்டிருந்தேன். ஓட்டை வழியாக வெயில் சிலேட்டில் விழுந்தது. முன்னதாகவே வந்துவிட்ட மிஸ்ஸம்மா வாசலில் நின்று கூரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கிளிக் என்று ஒரு படம் எடுத்துவிட்டார்.

"நான் இன்னும் ஷூவே போடலியே!" என்று எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"அழாதே பிள்ளையே, இன்னொன்று உண்டு" என்றார்.

பிறகு ஊரே திரண்டது. மாமா சைக்கிள்களை நிறுத்தினார். அம்மா தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்தாள். அவளுக்கு ஊசியில் நூல் கோர்க்கத்தான் தெரியும். நைனா பித்தளைப் பித்தான் வைத்த ரயில்வே கோட்டில் வேர்த்துக் கொட்டிக்கொண்டு நின்றார். போதகர் மெல்ல அவர் பக்கத்தில் வந்து, "கூரைக்கு உதவி கேக்கிறோம் மூப்பரே. இருக்கிறபடியே எளிமையா நின்னா தேவலையே" என்றார்.

"இன்னா ஐயா சொல்றீங்க? எங்க கொயந்தைங்களப் பாத்து எவனும் ஐயோ பாவம்னு சொல்லக் கூடாது. அப்பிடித்தான் கூர வரணும்னா அந்தக் கூரையே வாணாம்."

கேமராவைச் சரிசெய்துகொண்டிருந்த மிஸ்ஸம்மா நிமிர்ந்து நைனாவையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிள்ளைகளைத் தானே உயர வரிசைப்படி நிறுத்தினார். மில்காரர் யாரும் கேட்காமலே நட்டநடுவில் வந்து நின்றுகொண்டு, படத்தில் கேட்கட்டும் என்று ரேடியோவை முழுச் சத்தத்தில் வைத்தார். விவசாயச் செய்தி அலற அலறப் படம் எடுக்கப்பட்டது.

சில மாதம் கழித்துப் பத்திரிகை வந்தது. முழுப் பக்கத்துக்கு எங்கள் படம்! கீழே எழுதியிருந்ததைப் போதகர் தமிழில் சொன்னார். நடுவே ரேடியோவுடன் நிற்பவர் சபையின் மூத்த மூப்பராம். நைனாவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. கூடவே கடிதமும் இருந்தது. உங்கள் முன்னேற்றத்தைக் கண்டு பூரித்தோம், நீங்கள் சொந்தக் காலில் நின்றுவிட்டீர்கள், ஆகவே கூரைக்கான உதவியை உங்களைவிடத் தேவையுள்ள வேறு இடத்துக்கு அனுப்பிவிட்டோம் என்று இருந்தது.

"நல்லாக் காட்டின அண்ணா முன்னேற்றத்த!" என்றாள் அம்மா. மாமா சாப்பாட்டுக்குக்கூட நிற்காமல் சென்னைக்கு ரயிலேறிவிட்டார்.

படம் வந்த சேதி கேட்டு மில்காரர் வந்தார். எழுதியிருந்ததை இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டார். "மூத்த மூப்பரா? சீமையிலயா போட்டுக்கிறான்?" என்று மீசையைத் தடவிக்கொண்டார். அப்புறம்தான் எங்கள் முகங்களைக் கவனித்தார்.

"அதுக்கு ஏன்யா எல்லாரும் எழவு ஊடு மாதிரி குந்திக்கினுகீறீங்க?"

நைனா விஷயத்தைச் சொன்னார். மில்காரர் கூரையை அண்ணாந்து பார்த்தார். "நான் மூப்பனா இருக்கிற பள்ளிக்கூடம் ஒயுகுதுன்னா ஊரு என்னப் பத்தி இன்னா பேசும்? பேஜாராப் பூடுமே!" என்றார்.

மறுவாரமே அவருடைய பழைய குடோனிலிருந்து மூன்று மாட்டுவண்டி நிறையத் தகரம் வந்து இறங்கியது. நைனாவும் கேங்மேன்களும் மேலே ஏறி அடிக்க, மில்காரர் கீழே குடை பிடித்துக்கொண்டு அதிகாரம் பண்ணினார். அன்றிலிருந்து நைனா அவரை "மூப்பரே" என்றுதான் கூப்பிட்டார். முதல் மழையில் நாங்கள் எல்லோரும் உள்ளே நின்று, தகரத்தில் விழுகிற சத்தத்துக்குக் கூச்சல் போட்டுக் குதித்தோம். லீவு போனதைப் பற்றி எனக்கு நினைவே வரவில்லை.

அந்தப் பள்ளிக்கூடத்திலேயே பின்னாளில் நான் டீச்சரானேன். பழைய அலமாரியைச் சுத்தம் செய்தபோது வருகைப் பதிவேட்டுக்குள் ஒரு படம் கிடைத்தது. கிழிந்த பாவாடை, பின்னாத தலை, சிலேட்டில் விழுந்த வெயில். அதை அனுப்பியிருந்தால் அடுத்த கப்பலிலேயே கூரை வந்திருக்கும். படத்தின் பின்னால் மிஸ்ஸம்மாவின் குண்டு குண்டான தமிழில், "இது அனுப்பப்படவில்லை" என்று இருந்தது.

கூரை போட்ட வருஷமே அவரைச் சீமைக்குத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். முன்னேறிவிட்ட இடத்துக்கு இனி மிஷனரி எதற்கு என்று சபை முடிவு செய்ததாம். புதுத் தகரத்தின் கீழேயே வழியனுப்புக் கூட்டம் நடந்தது. மல்லிகை மாலையோடு ஜீப்பில் ஏறப்போனவரிடம் ஓடி, "மறுபடி எப்போ போட்டோ எடுக்க வருவீங்க?" என்று கேட்டேன்.

"நீங்கள்தான் முன்னேறிவிட்டீர்களே, பிள்ளையே" என்று சிரித்தார்.

உண்மைதானே! நானும் கை தட்டிச் சிரித்தேன். சிரிக்கும்போது கண்ணைத் துடைத்துக்கொள்வது சீமைக்காரர்களின் பழக்கம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.